ஒரு சாண் பின்னால்

மூக்குக் கண்ணாடிக்கடை வைத்திருப்பவளுக்கே கண் தெரியவில்லை என்று ஊர் சிரித்தால் எப்படி இருக்கும்? சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்! சாலை நடுவில் அண்டா அளவுக்குப் பள்ளம். அதைத் தான் மட்டும் அழகாக ஒதுங்கித் தாண்டிவிட்டு, பின்னால் வந்த தோழியை அதற்குள் இறக்கிவிட்ட மகராசி அவள்.

அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளத்தில் விழுந்தவள் பக்கத்துக் கடையில் பேக்கரி நடத்தும் ரொட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், இருவரும் ஒல்லி டயர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டிக் கிளம்பிவிடுவார்கள். வருஷக்கணக்கான பழக்கம். இதில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவள் காற்றையெல்லாம் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வாள். பின்னால் வருகிறவள் அவள் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டால் பாதி உழைப்பில் வந்துவிடலாம். ஆனால் அவளுக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். பள்ளம் வந்தால் முன்னால் இருப்பவள் கையைக் கீழே இறக்கிக் காட்டியாக வேண்டும். அன்றைக்குக் கண்ணாடிக்காரி கடைக்கு வந்த யாரைப் பற்றியோ கதையளந்துகொண்டு போனாள். கதை சுவாரஸ்யத்தில் கையைக் காட்ட மறந்தாள். ரொட்டிக்காரிக்குத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பு முறிந்தது.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பரவால்ல விடு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எலும்பு கூடியதும் மறுபடியும் சைக்கிள் ஏறத்தான் செய்தாள். ஏறி என்ன பிரயோஜனம்? இருவருக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம், அவ்வளவு தள்ளி, தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை கடையைப் பூட்டும்போது முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளைக்கு வரேன். அடுத்த வாரத்துலேருந்து நான் தனியாவே ஓட்டிக்கலாம்னு பாக்கறேன். என்னால உனக்கு எதுக்குத் தொந்தரவு?"

கண்ணாடிக்காரிக்கு அன்று ராத்திரி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "சைக்கிள்தானே, விடேன்" என்றார் கணவர், பாவம், ஆறுதல் சொல்கிற நினைப்பில்.

"சைக்கிளாம், சைக்கிள்! அவ இல்லாம எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு எதுக்கு?" என்று எரிந்து விழுந்தாள்.

ஆக, இந்த ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. எப்படியாவது அவளைத் தன் சக்கரத்துக்குப் பின்னால் வரவழைத்துவிட வேண்டும். அதற்குக் கண்ணாடிக்காரி என்ன செய்தாள் என்கிறீர்கள்? கை காட்டினாள். பள்ளத்துக்குக் காட்டினாள், சரி. சிதறிக் கிடந்த ஜல்லிக்குக் காட்டினாள், அதுவும் சரி. காய்ந்த இலைக்கும், ஓரத்தில் தன்பாட்டுக்குப் படுத்திருந்த நாய்க்கும், மின்கம்பத்தின் நிழலுக்கும் காட்டினால்? போதாக்குறைக்கு நாலு மிதிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, களைத்திருப்பாளே என்று மிதிப்பதை நிறுத்தினாள், பிரேக்கைத் தொட்டாள். ரொட்டிக்காரி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

கால்வாய்ச் சாலை முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். வழக்கம்போல அங்கே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். காபி பாதியில் இருக்கும்போதே கண்ணாடிக்காரி ஆரம்பித்தாள்.

"திரும்பறப்ப எதிர்காத்து. என் பின்னாடி ஒட்டிக்கோ. இன்னும் மெதுவா போறேன், சரியா?"

ரொட்டிக்காரி கோப்பையை டக்கென்று வைத்தாள். "இன்னும் மெதுவாவா? ஏண்டி, நீ அப்படிப் போறதுதான் எனக்கு பயமே!"

"என்னடி சொல்ற?"

"முன்னாடியெல்லாம் ஒரே சீரா போவ. உன் முதுகைப் பார்த்தே நிம்மதியா வருவேன். இப்ப என்னடான்னா திடீர்னு நிக்கற, திடீர்னு திரும்பற, நிழலுக்கெல்லாம் கை காட்டற. ஒட்டிக்கிட்டு வந்தா உன் மேலேயேதான் வந்து இடிப்பேன். இதுல எது நிஜப் பள்ளம்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"நீ மறுபடியும் விழுந்துடக் கூடாதேன்னுதான்..."

"அன்னிக்குக் காட்டியிருக்கணும்டி!"

அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. "மாசக்கணக்கா ஒத்தைக் கையால மாவு பிசைஞ்சேன். ஒரு தட்டைத் தூக்க முடியாம அடுப்பு முன்னாடி நின்னு அழுதிருக்கேன், தெரியுமா உனக்கு? வாயை மூடிக்கிட்டு ஒரு கையைக் கீழ இறக்க முடியல உன்னால! அப்படி என்னடி பேச்சு?"

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் குழாயைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். கண்ணாடிக்காரி ஓவென்று அழுதாள். வலித்தது, ஆனால் எத்தனையோ நாளாக அடைத்துக் கிடந்த நெஞ்சு அப்போதுதான் லேசானது. இந்தத் திட்டுக்காகத்தானே அவள் காத்துக் கிடந்தாள்.

"தப்பு என்னுதுதான். முழுசா என்னுது."

"தெரியுதில்ல? மூக்கைச் சிந்திட்டு வண்டியை எடு." ரொட்டிக்காரியும் தன் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"பின்னாடி வருவியா?"

"பாக்கலாம்."

காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடிக்காரி குனிந்து, ஒரே சீராக மிதித்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், ஒட்டி வருகிறவள் பாடு திண்டாட்டம். ஆனால் வருகிறாளா? காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நிழலில் தெரியுமா என்றால் வெயிலும் இல்லை, மேகம் மூடிவிட்டது. பாலம் வந்தது, போனது. கழுத்து திரும்பு திரும்பு என்று அரித்தது. பழையபடி ஒரு லாரி அளவுக்குத் தள்ளி வருகிறாளோ? ஒருவேளை வேறு சாலையில் திரும்பியே போய்விட்டாளோ? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

வளைவைத் தாண்டியதும் தார் பெயர்ந்து பெரிதாக ஒரு குழி. நிஜக் குழி. விரல் தானாகப் பிரேக்குக்குப் போனது. வேண்டாம். வேகத்தைக் குறைக்காமல் வலது கையைக் கீழே இறக்கிக் காட்டினாள்.

"பள்ளம்!"

கத்திவிட்டு மெல்ல இடப்பக்கம் ஒதுங்கினாள். குழி பக்கத்தில் கடந்து போனது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பார்த்துட்டேன். நீ போ."

மூச்சு வாங்குகிற குரல். கத்தவில்லை, கத்தத் தேவையே இல்லாத கிட்டத்தில், முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது.

கண்ணாடிக்காரியின் கண் நிறைந்து சாலை மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. அவ்வளவு எதிர்காற்றையும் வாங்கிக்கொண்டு, ஊர் வரும் வரை அதே சீரில் மிதித்தாள்.