சோளகத்தில் வைத்த தீ

ஆதம்பாவாவின் காணிக்குள் பதின்மூன்று வருடங்களாக ஆள் நடமாட்டமில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் காலத்தைத் தள்ளிவிட்டு, சமாதானம் வந்துவிட்டது என்ற கதையை நம்பி முள்ளியவளைப் பக்கம் திரும்பியவருக்குத் தன் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. மார்பளவு புல், அதற்குள் ஈச்சம் பற்றை, ஷெல் பட்டுத் தலை போன தென்னைகள். மாடும் மேயாமல் கத்தியும் படாமல் கிடந்ததெல்லாம் சருகாகக் காய்ந்து நின்றது.

அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு வானம் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. முன்பெல்லாம் ஆவணியில் எங்காவது ஓரிடத்தில் பிடிக்கிற காட்டுத் தீ, இப்போது ஆனியிலேயே நாலு பக்கமும் பிடித்தது. குளங்கள் வற்றிக் கிடந்தன, அணைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? ஊர்க் கிணறுகளில் சாம்பல் மிதந்தது. பிள்ளைகள் கண் சிவந்து திரிந்தார்கள். ஆதம்பாவாவின் மனைவி ஜொஹறாவுக்கோ ஏற்கெனவே முட்டு வருத்தம். அயலில் யாராவது குப்பை கொளுத்தினாலே நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும், இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்குப் போராடுவாள்.

ஆனாலும் ஊருக்குள் அடித்த கூடாரத்தில் இருந்துகொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாரிக்கு முதல் எனக்கெண்டு ஒரு குசினி போட்டுத் தாங்கோ. இந்தக் கூடாரத்துக்குள்ள இன்னொரு மழை என்னால ஏலாது."

சமைக்க ஒரு குசினி போடுவதென்றால் நிலம் வெளியாக வேண்டும். கத்தியோடு உள்ளே இறங்கினால் கால் போகும். மிதிவெடி எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வெடி எடுக்கிறவர்கள் அடுத்த வருடம் வருவதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர் ஆதம்பாவா. நெருப்பு வைத்தால் வெடியும் தன்பாட்டில் வெடித்துத் தீரும், காணியும் வெளியாகும் என்று சந்தியில் நாலு பேர் கதைத்தது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. காணி எரிப்பதென்றால் முதலில் சுற்றிவரப் புல்லைச் செருக்கி, தீ தாண்டாமல் ஒரு வெறும் பாதை எடுக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் செருக்கப் போகிறவனின் காலுக்கு யார் பொறுப்பு? காணியோரம் ஓடுகிற வண்டிப் பாதை தடுத்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவருக்கிருந்த ஒரே கவலை ஜொஹறாவின் நெஞ்சுதான். அதற்கும் வழி வைத்திருந்தார். புத்தளத்தில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் நாளில் யாராவது காணி எரித்தால், முட்டு வருத்தக்காரரைக் கடலையொட்டிய களப்புக் கரையில் கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். கரையில் ஒரு இழை புகை அண்டாது. பதின்மூன்று வருடம் கண்ணால் கண்ட பழக்கம் அது.

அதனால் காலையிலேயே அவளைச் சைக்கிளில் ஏற்றி, முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்த, தன்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பழைய சிநேகிதன் இன்னாசித்தம்பியின் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவன் விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி புனிதம்தான் கதிரை எடுத்துப் போட்டாள். காடு எரிக்கத் தடை இருந்ததால் காணி துப்புரவாக்கப் போவதாக மட்டும் அவளிடம் சொன்னார். அவள் தேத்தண்ணி போட உள்ளே போனதும் ஜொஹறாவிடம் குனிந்து, "என்ன நடந்தாலும் கரையை விட்டு அசையாத. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

"ஓம். நீங்கள் நெருப்புக்குக் கிட்டப் போகாதேங்கோ" என்றாள் அவள்.

பிஸ்மில்லாச் சொல்லித்தான் நெருப்பை வைத்தார். புல் சடசடவென்று பிடித்தது. கொஞ்ச நேரத்தில் முதல் வெடி வெடித்தது, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ் என்றார். கிணற்றுக் கட்டுத் தெரிந்தபோது அந்த மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். குசினியை எந்த மூலையில் போடுவது என்றுகூட யோசித்துவிட்டார்.

மதியத்தோடு காற்று எழும்பியது. வண்டிப் பாதையைத் தீ தாண்டியதை யாரும் காணவில்லை. காணும்போது அப்பாலிருந்த காடு எரிந்துகொண்டிருந்தது. குரங்குகள் குட்டிகளை அணைத்துக்கொண்டு ஓடின. அயலவர் பச்சைக் குழை முறித்துக்கொண்டு அடிக்க வந்து, உள்ளே வெடிச் சத்தம் கேட்டதும் பின்வாங்கினார்கள். ஆதம்பாவா செய்வதறியாமல் நின்றார். அப்போதுதான் தன் சட்டை முதுகோடு ஒட்டி முன்பக்கம் படபடப்பது உறைத்தது. முன்னால் பார்த்தார். புகை மேலெழாமல் நிலத்தோடு படிந்து, நேரே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

புத்தளத்தில் சோளகம் கடலிலிருந்து ஊருக்குள் வரும். இங்கே அது காட்டிலிருந்து கடலுக்குப் போகும். காற்று அதே காற்றுத்தான், கடல்தான் மற்றப் பக்கத்தில் இருந்தது. பிறந்த மண்ணின் காற்றை அவர் மறந்துபோயிருந்தார்.

சைக்கிளை மிதித்த மிதியில் செருப்பொன்று கழன்று விழுந்ததும் அவருக்குத் தெரியாது. எதிரே கடற்கரைச் சனம் முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் எட்டிப் பார்த்தார். ஜொஹறா இல்லை. யா அல்லாஹ், அவளை மட்டும் விட்டுவிடு என்று வாய்விட்டு அழுதுகொண்டே போனார்.

கரையில் அலை அடிக்கும் இடத்திலேயே அவளைக் கிடத்தியிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையைத் தொட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் படகு இழுத்துக் கரையேறியிருந்த இன்னாசித்தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"எந்த நாசமறுப்பான் நானா, இந்தச் சோளகத்தில நெருப்பு வைச்சவன்?"

"நான்தான் தம்பி" என்றார் ஆதம்பாவா.

புனிதம் அழுதபடி அவர் பக்கத்தில் குந்தினாள்.

"நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டனாங்கள் நானா. ஜொஹறா ராத்தாட கையைப் பிடிச்சு இழுத்தும் பாத்தன், வரமாட்டன் எண்டிட்டா. நான் ஆள் கூட்டிக்கொண்டு வாறதுக்கிடையில எல்லாம் முடிஞ்சுது. மூச்செடுக்கேலாமல் இருந்தும் ஒண்டையேதான் சொல்லிக்கொண்டிருந்தவா. 'நான் இஞ்ச இல்லாட்டி அவர் வந்து தேடிப் பயந்துபோவார்' எண்டு."