கூரைக்கும் டீவிக்கும் நடுவில்

அன்டெனா பொருத்த வந்த சுதேஷ் ஏணியைச் சுவரில் சாத்தியபோது பின்னேரம் நாலு மணி தாண்டிவிட்டது. முனாப் முன்னறைக்கும் முற்றத்துக்குமாகப் பத்தாவது தடவை நடந்தார். வத்தேகம டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மனிதர், வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் நிற்கிறார் என்றால் அதற்கு மகள் ஆஸிகாதான் காரணம். இன்றைக்கு ஆறு மணிச் செய்தியில் அவள் முதல் தடவையாக டீவியில் வருகிறாள்.

வருவது மூலையில்தான். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்குக் கையால் செய்தி சொல்லும் வேலை. கொழும்பில் எத்தனையோ பேர் அதற்கு விண்ணப்பித்தார்களாம். ஆஸிகாவின் கைகளைப் பார்த்ததும் வேறு யாரையும் கூப்பிடவில்லையாம். கூப்பிட மாட்டார்கள்தான். அவளுடைய உம்மா, முனாபின் மனைவி றலியாவுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டில் பிள்ளை வாய் திறந்து பேசும் முன்பே கையால் பால் கேட்டது.

பழைய அன்டெனாவில் படம் என்று ஒன்று வரும், அவ்வளவுதான். திரை முழுக்க மழை பெய்யும். ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் இன்னொரு ஆள் நிழலாக நிற்பார். மூலையில் கையசைப்பவரின் விரல்கள் வெள்ளைப் பூச்சாகத்தான் தெரியும். போனில் பார்க்கலாம் என்றால் மலை மறைக்கும் அந்தச் சரிவில் சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும். மகளோடு வீடியோவில் பேச றலியா பள்ளிவாசல் மேடுவரை ஏற வேண்டும். அதனால்தான் ஆஸிகா தானே சுதேஷைப் பிடித்து, புது அன்டெனாவும் டிஜிட்டல் பெட்டியும் அனுப்பியிருந்தாள். பரீட்சார்த்தமாக எச்.டி. ஒளிபரப்பு தொடங்கியிருக்கிறது, மாதக் கட்டணம் இல்லை, ஆகாயத்தில் சும்மா வருகிறது, உம்மா என் விரலைப் பார்க்க வேண்டும் என்று வாப்பாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

வாப்பாவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இன்று காலையிலிருந்து அவருக்கு இரண்டு நினைப்பு. மகளைப் பார்க்க வேண்டும். அவள் சொல்லப்போகும் செய்தியை மட்டும் றலியா பார்த்துவிடக் கூடாது.

முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டில் செய்தி வாசிப்பவர் முனாப்தான். உலகத்தில் நடப்பது எல்லாம் அவர் காதுக்குள் போய், அவர் கை வழியாகத்தான் றலியாவிடம் வரும். வரும் வழியில் கொஞ்சம் குறையும். பஸ் பள்ளத்தில் விழுந்தால் அவர் கையில் அது பஸ் பழுதாகும். சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தால் வெறும் தடிமன், சளி என்பார். அவர் இறந்தபின் மையித்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் மிச்சத்தைச் சொல்வார். ஏற்கெனவே அல்லாஹ் காதை எடுத்துக்கொண்ட மனுசிக்கு நாம் வேறு ஏன் கவலை கொடுக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அதைப் பாசம் என்றே அவர் நம்பினார்.

இரண்டு மாதத்துக்கு முன் கிராம சேவகர் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். அவர்கள் வீடு இருக்கும் பலாக்கொல்லைச் சரிவில் மண் இறங்குகிறது, முப்பத்திரண்டு குடும்பமும் வெளியேற வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. முனாப் அதைச் சீமெந்தால் பூசி, முன்னால் ஐந்து பூச்சாடிகளை வரிசையாக வைத்தார். நோட்டீஸ் கடை மேசை லாச்சிக்குள் போனது. இது றலியாவின் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. இதை விட்டுப் போ என்று எந்தக் கையால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். ஒரு மாதம் போனபின், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் தேட வேண்டியதாயிற்று. போன கிழமை ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று அபாய அறிவிப்போடு தெருவில் போனது. ஜன்னலால் பார்த்த றலியா என்னவென்று கேட்டாள். லொத்தர் டிக்கட் விற்கிறார்கள் என்றார் முனாப்.

இன்று காலை கடை ரேடியோவில், இன்னும் வெளியேறாத இடங்களின் விபரம் மாலைச் செய்தியில் வரும் என்று சொன்னார்கள். அந்தச் செய்தியைக் கையால் சொல்லப்போவது அவர் பெற்ற மகள்.

"நானா, ஒன்னு கேக்கட்டுமா?" என்று முனாபிடம் அண்ணன் முறை வைத்துக் கேட்டான் சுதேஷ், ஏணியில் ஒரு காலை வைத்தபடி. "ஒங்க பக்கத்துக்கும் சிவப்பு நோட்டீஸ் குடுத்துட்டாங்களாமே. இந்த வீட்டுக்கா புதுசா கம்பம் நடுறீங்க?"

"மெல்லப் பேசு தம்பி."

றலியா பக்கத்தில்தான் நின்றாள். காது கேளாத மனைவிக்கு முன்னால் குரலைத் தாழ்த்திய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

"மழ வந்தாக் குடுக்கிறதுதான். மழ விட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

"நாங்க தோட்டத்து லயத்து வீட்ட விட்டுட்டு கோயில் மண்டபத்துக்கு வந்துட்டோம் நானா. புள்ளைங்க இருக்குல்ல." சுதேஷ் மேலே ஏறினான்.

ஹந்தானைக் கோபுரத்து அலையை நேராகப் பிடிக்க முடியாது, நடுவில் மலை மறைக்கிறது என்று ஏறும்போதே சொல்லியிருந்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய அன்டெனா போல் அரைகுறையாக வராது; வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் கறுப்புத்தான். அதனால் கீழே ஒரு ஆள் டீவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். றலியா டீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் கையால் சொல்வதை ஜன்னலடியில் நின்று கூரைக்குக் கத்த வேண்டியது முனாபின் வேலை.

"வருதா நானா?"

"இல்ல!"

"இப்ப?"

"இல்ல!"

அரை மணித்தியாலம் இப்படியே போனது. அதுவரை முனாப் பொய் சொல்லவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு திடீரென்று படம் வந்தது. ஒரு சமையல் நிகழ்ச்சி. வெங்காயம் வெட்டியவளின் நகத்தில் பாதி உரிந்துபோன சாயம் வரைக்கும் தெரிந்தது. றலியா கதிரையிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"வந்திட்டு! அப்பிடியே நிப்பாட்டச் செல்லுங்க!" என்று அவள் கைகள் பறந்தன.

"வருதா நானா?" என்று கூரை கேட்டது.

முனாப் படத்தைப் பார்த்தார். இவ்வளவு தெளிவை அவர் எதிர்பார்க்கவில்லை. நகச் சாயம் தெரிகிற திரையில் ஆஸிகாவின் விரல் தெரியாமல் போகுமா?

"இல்ல தம்பி! இன்னும் கொஞ்சம் திருப்பு!"

திரை கறுத்தது. றலியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சென்னீங்க அவருக்கு?"

"நிப்பாட்டத்தான் சென்னேன். காத்துக்குத் திரும்பிட்டு போல."

"ஒங்கட வாய் இல்லன்னு செல்லிச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் மேலேயே ஆத்திரம் வந்தது, அந்த ஆத்திரத்தை மழை மேலும் சுதேஷ் மேலும் காட்டி, "கெதியாப் பாரு தம்பி, ஆறு மணியாகப் போகுது!" என்று கத்தினார்.

ஐந்தரைக்குப் படம் மறுபடியும் வந்தது. றலியா கைதட்டினாள். இந்த முறை முனாப் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் வாய் அவளுக்குத் தெரியாதபடி, "இல்ல!" என்றார்.

படம் போனது. றலியா எழுந்தாள். டீவி இருந்த மேசையை இரண்டு கையாலும் பிடித்து, வயர் எட்டும் தூரம்வரை வாசல் பக்கமாக இழுத்துத் திருப்பினாள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு தூறலுக்குள் முற்றத்தில் இறங்கினாள். இரண்டு தரம் கைதட்டினாள். கூரையிலிருந்து சுதேஷ் எட்டிப் பார்த்தான்.

அவள் வலக்கையை நீட்டி மெதுவாக இடப்பக்கம் அசைத்தாள். சுதேஷ் கம்பத்தைத் திருப்பினான். கண்ணை வாசலுக்குள் தெரிந்த திரையில் வைத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் என்றாள். நில் என்றாள். ஒரு விரல்கடை பின்னால் என்றாள்.

"சரிங்கக்கா, புரியுது!" என்றான் அவன்.

முனாப் வாசற்படியில் நின்றார். மேலே கூரையில் சுதேஷ், முன்னால் முற்றத்தில் றலியா, பின்னால் டீவி. இருவருக்கும் நடுவில் நின்றும் ஒருவருக்கும் அவர் தேவைப்படவில்லை. அவர் கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படி ஒருநாளும் நின்றதில்லை.

மூன்று நிமிடத்தில் படம் வந்து உறுதியாக நின்றது. றலியா இரண்டு கையையும் உயர்த்திக் காட்ட, சுதேஷ் நட்டை முறுக்கிவிட்டு இறங்கினான். மழை பலக்கத் தொடங்கியது. "நான் மண்டபத்துக்குப் போறேன் நானா. நீங்களும் வந்துருங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம். திரை சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன் என்றாவது இருக்கும். முனாப் அவள் தோளைத் தொட்டார்.

"உங்களுக்கு ஒண்டு செல்லணும்."

றலியாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "மகளப் பாத்திட்டு," என்று ஒற்றைக் கையால் சொல்லிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

ஆறு மணிக்கு ஆஸிகா வந்தாள். கறுப்பு உடுப்பு, சாம்பல் நிற முக்காடு. நெற்றியில் வியர்வை மினுங்கியது. சின்ன வயதில் தேங்காய் திருவும்போது வெட்டிய தழும்பு கூடப் பெருவிரலில் தெரிந்தது. றலியா திரைக்குக் கிட்டப் போய் அந்தச் சின்னச் சதுரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணீர் ஓடியது. முதல் செய்தி பாராளுமன்றம். மகளின் கை போகும் வேகத்திலேயே தாயின் கண்ணும் போனது. யாரும் சொல்லித் தராமல், யாரும் குறைக்காமல், ஒரு முழுச் செய்தி அவளுக்கு விளங்கியது. அவள் பெருமையோடு முனாபைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் சிரிக்க முயன்றார்.

இரண்டாவது செய்தி மண்சரிவு. வாசிப்பவரின் குரல் முனாபின் காதில் விழுந்தது. ஆஸிகாவின் கைகள் ஒரு கணம் நின்றன. அவளுக்கும் அந்த இடத்திலேதான் தெரிந்திருக்க வேண்டும். பிறகு இரு கையாலும் ஒரு பலாப்பழத்தை அணைத்துத் தூக்குவதுபோல் காட்டினாள். அந்த வீட்டில் பலாக்கொல்லைக்கு அதுதான் பெயர். வத்தேகமவுக்கு மேலே பலாக்கொல்லை. முப்பத்திரண்டு குடும்பங்கள். எழுத்தில் அறிவித்து இரண்டு மாதம். ஒலிபெருக்கியில் அறிவித்து ஒரு கிழமை. இன்று எட்டு மணிக்கு முன் கட்டாயம் வெளியேறவும். சொல்லிக்கொண்டே கமெராவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை செய்திக்கு உரியதாக இருக்கவில்லை.

செய்தி வேறெங்கோ போய்விட்டது. றலியா பின்கதவைத் திறந்து, மழைக்குள் குனிந்து, பூச்சாடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சீமெந்துப் பூச்சு பிளந்து, வெடிப்பு ஒரு கை போகும் அகலத்துக்கு வந்திருந்தது. அவள் அதற்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள். உள்ளே வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு மாசமா?"

முனாப் தலையாட்டினார்.

"அந்த ஓட்டோ?"

அவர் தலையாட்டினார்.

"இன்னும் என்னென்ன?" என்று கேட்டாள். "முப்பத்தொரு வருசத்தில நீங்க எனக்குச் செல்லாம விட்டது இன்னும் என்னென்ன?"

அவருக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. உங்களைக் கவலைப்படுத்தாமல் இருக்கத்தான் என்று, எனக்கும் பயம் என்று, பயத்தைச் சொல்லத் தெரியவில்லை என்று. அவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினார்.

றலியா அந்தக் கைகளைப் பார்த்தாள். பின் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் தோளைத் தொட்டார். அவள் திறக்கவில்லை. எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறார்கள். இதை அவள் ஒருநாளும் செய்ததில்லை. முனாபின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. இனி அவர் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது.