சொந்தத்துக்குள்ள

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரைப் பிரவீணா துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்ததும் தம்பியின் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. ராஜஸ்தானிலிருந்து அவள் எறையூர் வந்து சேர்வதற்குள் பொழுது உச்சிக்கு ஏறிவிட்டது. அவளுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

தமிழ்மாறனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் கால் துவண்டது. பிறகு கை. தசை கரைகிற நோய் என்றார்கள் பெரம்பலூரில்; திருச்சியிலும் அதையே சொன்னார்கள். கடைசியில் மூச்சும் அவனால் இழுக்க முடியாமல் போனது. இருபத்து நான்கு வயதுதான்.

பிரவீணாவுக்கு ராஜஸ்தானில், கானமயில் என்கிற புல்வெளிப் பறவையைக் காத்துப் பெருக்கும் நிலையத்தில் வேலை. நாட்டில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம். ஒவ்வொன்றின் ரத்தத்தையும் சோதித்து, எதை எதோடு ஜோடி சேர்க்கலாம் என்று அவள் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவுக்குள் சேர்ந்தால் பல முட்டைகள் கூமுட்டையாகும்; பொரித்தாலும் குஞ்சு தேறுவது கஷ்டம். இதை ஒருநாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான்.

"அப்ப நானும் அப்படித்தானாக்கா?"

அவர்களுடைய அம்மா இருசம்மாள் தன் தாய்மாமன் ராசாங்கத்தைத்தான் கட்டியிருந்தாள். பிரவீணா குரலைத் தாழ்த்தினாள்.

"அதாலதான் இருக்கும்டா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அவன் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகினார்கள். அப்பாவின் அக்கா பொன்னாயி ஈரத்தலையோடு வந்து இருசம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருசா, அழுது என்னா ஆவப்போவுது. வருசம் திரும்பறதுக்குள்ள வூட்ல ஒரு நல்லது நடக்கணும். நம்ம அனிதாவ என் பையன் அறிவரசனுக்கே முடிச்சிடுவோம். சொந்தம் வுட்டுப் போவக்கூடாது பாரு."

கடைக்குட்டி அனிதா அக்காவைப் பார்த்தாள். பிரவீணா வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், பிள்ளையை இப்போதுதான் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவளிடம், அவன் சாவுக்கு நீயும் காரணம் என்று சொன்னதாகிவிடும். அவள் குனிந்துகொண்டாள்.

"வேணாம் சின்னம்மா" என்றாள் இருசம்மாள்.

"ஏன்டி, எம்புள்ளைக்கு என்னா கொறச்சல்?"

"தங்கமான புள்ள. அவனுக்கும் வெளியில பாருங்க. சொந்தத்துக்குள்ள வேணாம்."

பொன்னாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். இருசம்மாளும் எழுந்து கொல்லைக்குப் போனாள். பிரவீணா பின்னாலேயே போனாள்.

"யாரும்மா சொன்னா? மாறனா?"

"அவன் சொல்லுவானா? நீதான் சொன்ன." இருசம்மாள் அவனுடைய போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். "அவன் எங்கடி போனத் தூக்கிக் காதுல வைப்பான்? நாந்தான் ஸ்பீக்கர்ல போட்டுக் குடுப்பேன். அன்னைக்கிப் பக்கத்துல உக்காந்து சோறு ஊட்டிக்கிட்டிருந்தேன்."

அது சில வருடங்களுக்கு முந்தைய பேச்சு. அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து போயிருக்கிறாள். அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்க இவள் இடம் கொடுத்ததும் இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"மாமாவுக்கு எதுக்கு? நான் ஒருத்தி தெரிஞ்சுக்கிட்டது போதும்."

பிரவீணா போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள்.

"உங்க குஞ்சுங்கள்லாம் நல்லா நடக்குதா?"

"நடக்குதும்மா."

இருசம்மாள் தலையாட்டினாள். கொடியில் இடம் பார்த்துப் போர்வையை விரித்துப் போட்டு, சுருக்கம் போக ஓரங்களை இழுத்துவிட்டாள்.