சாப்பிடாத மீன் பற்றிய கதை: தற்போதைய நிலவரம்

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அக்கா வீட்டு உப்புத் தண்ணீர்த் தொட்டியில், சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வண்ணத்துப்பூச்சி மீனிடமிருந்து எடுத்துக்கொண்டது. மீனிடம் அனுமதி கேட்கவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னால் ஒப்புக்கொள்ளவேண்டியது கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

2.

முதல் வரிகள் பல இருந்தன.

"கடல் அவள் வீட்டுக்கு வந்த அன்று" — இல்லை. வந்தது இருபது கிலோ உப்பு வாளி. மூன்று மாடி தூக்கியது நான்.

"தனிமை என்பது ஒரு கண்ணாடித்" — எனக்கே சகிக்கவில்லை.

"அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்." இது இருக்கட்டும். பகல் முழுக்க ஊரார் ரத்தத்தில் என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். சாயங்காலம் வந்து தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். வேறு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி நான் அவளோடு தங்க வந்து இரண்டு வருடம் ஆகிறது. [இந்தத் தகவல் தேவைதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். அக்காவுக்கும் அவ்வப்போது தோன்றுகிறது.]

3.

பார்த்திராதவர்களுக்கு: மஞ்சள் உடம்பு, உள்ளங்கை அகலம், ஊசிபோல நீண்ட வாய். கடலில் பவளப்பாறையின் இடுக்குகளில் கொத்தித் தின்று பழகிய மீன். தொட்டிக்கு வந்ததும் பல மீன்கள் எதையும் தொடாமல் மெலிந்து செத்துப்போகும். அக்கா முன்பு வளர்த்த இரண்டும் அப்படித்தான் போயின. ஒன்று பதினாறு நாளில், இன்னொன்று இருபத்தொரு நாளில்.*

* வாலருகே கண்போல ஒரு கரும்புள்ளி உண்டு. இதை வைத்து நான் ஏதாவது உவமை எழுதுவேன் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள்.

இது மூன்றாவது. கடையில் நன்றாகத் தின்றதாகக் கடைக்காரர் சொன்னார். கடைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது, அன்றோடு வாயை மூடிக்கொண்டது. அக்கா மட்டி என்கிற சிப்பியின் சதையை நசுக்கி, செத்த பவளத் துண்டு ஒன்றின் துளைகளில் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, உள்ளே வைப்பாள். பிறகு முழங்காலிட்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி உட்கார்ந்துகொள்வாள். அவள் மீனைப் பார்ப்பாள். மீன் அவளைப் பார்க்கும். இருவருமே சாப்பிடவில்லை.

ஆறாம் நாள், யாருடைய பரிசோதனை முடிவையோ வாசிப்பதுபோல என்னிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். இல்லன்னா கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு, தொட்டியையும் கலைச்சிடுவேன். மூணாவதையும் என் கையால கொல்ல முடியாது."

4.

இங்கே ஆழ்கடலைப் பற்றி ஒரு வர்ணனை இருந்தது. நான் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எடுத்துவிட்டேன்.

5.

அக்கா அப்படிச் சொன்ன அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். முடிவுகள் மளமளவென்று வந்தன.

முடிவு அ: மீன் சாகிறது. அக்கா காலித் தொட்டிக்குத் தினமும் விளக்குப் போட்டு வைக்கிறாள்.

முடிவு ஆ: மீனைத் திருப்பிக் கொடுக்கிறாள். கடைத் தொட்டியில் விட்டதும், அவள் கண்ணெதிரே அது தின்கிறது. (கொடுமையான முடிவு. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.)

முடிவு இ: மீன் சாப்பிடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். (இதை யார் படிப்பார்கள்?)

தம்பி பாத்திரம்தான் இடித்தது. வரைவில் அவன் அக்காவுக்குப் பக்கபலமாக நிற்கிறான், மட்டி நசுக்கித் தருகிறான், ஆறுதல் சொல்கிறான். நம்பும்படியாகவே இல்லை.

6.

இனி, சின்னதாகத் தெரியவேண்டிய விஷயம்.

ஏழாம் நாள், வியாழன் மத்தியானம், அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முடிவு ஆ-வை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். சரியான சொல் கிடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்ததில் கணினித் திரை அணைந்து கறுத்துவிட்டது. அதில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் தொட்டி. தொட்டியில் மீன் பவளத் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. எண்ணினேன். பதினொரு கொத்து. திரும்பிப் பார்த்தேன், பாறைக்குப் பின்னால் ஓடிவிட்டது. மறுபடி முதுகைக் காட்டினேன். மறுபடி வந்து கொத்தியது.

விஷயம் இவ்வளவுதான். யாரும் பார்க்காவிட்டால் அது சாப்பிடும். இத்தனை நாளும் அதைப் பட்டினி போட்டது அக்காவின் அக்கறை.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். அந்தப் பத்தியை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நன்றாக வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பாள். சனிக்கிழமைக்குள் அது இரண்டு நாளாகிவிட்டது. துளைகளில் தீனி குறைந்ததை அவளும் கவனித்தாள். தொட்டியில் கூடவே குடியிருக்கும் சங்கு நண்டு தின்றிருக்கும் என்று விட்டுவிட்டாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண்ணாடி முன் முழங்காலிட்டு அழுததைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

மீன் வாயைத் திறந்துவிட்டது. நான்தான் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. கேலியாக எழுதுகிறேன் என்பதால் வெட்கமில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

7.

இன்று ஞாயிறு. காலையில் அக்கா வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து, வலையை எடுத்தாள். வலை நனைந்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"அக்கா, அது சாப்பிடுது."

எப்போதிலிருந்து என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். முதுகு, திரை, பதினொரு கொத்து எல்லாம் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. மேசைமேல் நான் அச்செடுத்து வைத்திருந்த தாள்களை எடுத்து, நின்றபடியே படித்தாள். முடிவு அ, முடிவு ஆ, தன் அழுகை, எல்லாவற்றையும்.

"பத்து நாளா எனக்கு ஒரு வாய் ஒழுங்கா எறங்கல. நீ பக்கத்துலயே உக்காந்து அத எழுதிட்டு இருந்திருக்க."

நான் [இங்கே தம்பி சொல்லவேண்டிய வசனம் மூன்று விதமாக எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது]

"அழுதத நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். அது பாராட்டு இல்லை.

பிறகு சங்கு நண்டைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றினாள். இந்தத் தடவை பழியை அதன்மேல் போட முடியாது. புதிதாகச் சதையை அப்பிப் பவளத் துண்டை உள்ளே வைத்தாள். என் கணினியை மூடினாள். திரையில் பார்த்தாலும் பார்ப்பதுதானாம். தொட்டிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

"பன்னண்டு மணிக்கு எழுந்து பாப்பேன். தீனி அப்படியே இருந்துச்சுன்னா, மீனக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து உன்கிட்ட பேசிக்கிறேன்."

8.

இதை முழங்கால்மேல் தாளை வைத்துக் கையால் எழுதுகிறேன். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அக்கா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறாளா, தெரியவில்லை. இல்லாததை எழுதுகிறவன் சொன்னதை எதற்காக நம்பவேண்டும்? கையை நீட்டினால் அவள் தோளைத் தொடலாம். நீட்டவில்லை.

முடிவு இ-யை யார் படிப்பார்கள் என்று கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதைவிட நல்ல முடிவு கிடையாது. ஆனால் அதை எழுத என்னால் ஆகாது, அவளாலும் ஆகாது. இரண்டு பேர் முதுகும் அந்தப் பக்கம். எங்களுக்கு எதிரே இருப்பது நீங்கள்தான். எங்கள் தோள்களுக்கு நடுவே உங்களுக்குத் தொட்டி தெரியும். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். உற்றுப் பார்க்க மட்டும் வேண்டாம். படிப்பதுபோலவே முகத்தை வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பாருங்கள்.