பத்து கிராம்

1

தம்புள்ளை பஸ்ஸில் ஒரு பெண், வெங்காயம் கட்டுகிற வலைப்பைக்குள், டென்னிஸ் மாதிரிக் கண்ணாடிச் சுவருக்குள் ஆடுகிற பேடல் ஆட்டத்து ராக்கெட்டைப் போட்டு மடியில் வைத்திருந்தாள். இந்தக் கதை என்னைப் பிடித்தது அங்கேதான். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. களைப்பில் கண்ணை மூடியிருந்தாள். அதனால் இனி வருவதெல்லாம் பொய். பேர் நிரோஜா என்று வைத்தேன்.

2

"கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே பந்து மின்னலெனப் பாய்ந்த..."

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

நிரோஜா தம்புள்ளை மொத்தச் சந்தையில் மரக்கறி நிறுக்கிறவள். மூட்டை இழுத்து இழுத்து வலது முழங்கை ஒரு தடவை வீங்கிவிட்டது. இன்னொரு தடவை வீங்கினால் விளையாட்டையே விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாளில் அவளுக்கென்று இருப்பது சாயந்தரம் பேடல் ஆடுகிற அந்த ஒரு மணித்தியாலம்தான். [இந்த வரி அழுகிறதோ? இருக்கட்டும், நான்காவது தடவை எழுதுகிறேன்.]

3

ஹோட்டல் பேடல் கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிற ஷிஹாம்தான் ஆட்டத்தில் அவளுடைய ஜோடி; அவளுக்கு அவன் 'நானா', அதாவது அண்ணன். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் போட்டி. வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன இரண்டு ராக்கெட்டுகளோடு அவள் கடைக்கே வந்தான். நரம்புக்குப் பதில் பலகையில் ஓட்டை போட்டவை. ஒன்று நுனி கூரான கூர்த்தலை, மற்றது வட்டத்தலை.

"ஒன்ன எடுங்க தங்கச்சி. மத்தத கோர்ட்டுக்கு வெளயாட வர்ற சசிக்குமார் கேட்டிருக்காரு."

"எது பாரமில்லாதது நானா?"

"கையில புடிச்சுப் பாருங்களேன்."

"கை பொய் சொல்லும். தராசு சொல்லாது."

பச்சை மிளகாய் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தாள். கூர்த்தலை 355 கிராம். வட்டம் 365.

"பத்து கிராமுக்கா இவ்வளவு யோசிக்கிறீங்க?"

"பத்து கிராமுக்கு இங்க சண்டையே நடக்குது நானா. கூர்த்தலையே தாங்க."

(அடிக்குறிப்பு: இந்த இடத்தில் அவளைத் தடுத்திருக்கலாம். எழுதுகிறவன் நான்தானே. ஆனால் நிறுக்கிறவள் தராசை நம்பாமல் வேறு எதை நம்புவாள்?)

4

சாயந்தரம் கோர்ட்டில் ஆடிப் பார்த்தபோது, கூர்த்தலையின் பாரமெல்லாம் நுனியில் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது முன்னே ஓட, மணிக்கட்டு அதைப் பிடித்து இழுத்தது. பந்து கண்ணாடியில் மோதி எங்கெங்கோ போனது. பத்தாவது பந்தில் முழங்கை சுரீரென்றது.

"தராசு என்ன சொல்லுது?" என்றான் ஷிஹாம்.

"வாய மூடுங்க நானா."

அவன் கையிலிருந்த வட்டத்தை வாங்கிப் பிடித்தாள். பாரம் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. தராசில் பத்து கிராம் கூட. கைக்கு எவ்வளவோ குறைவு.

"தராசுக்கு முழங்கை இல்ல நானா," என்றாள் கடைசியில்.

5

(அ) ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார்கள்.

அழித்துவிட்டேன். வட்ட ராக்கெட் இடி மாதிரி அடிக்காது. பந்தைச் சொன்ன இடத்தில் வைக்கும், அவ்வளவுதான்.

(ஆ) முழங்கை அதற்குள் வீங்கிவிட்டது. இரண்டையும் சசிக்குமாருக்கே...

முடிக்க மனமில்லை.

(இ) ஷிஹாம் மெதுவாக ஒரு பந்து போட்டான். அவள் அடிக்கவில்லை, வட்டத்தால் தள்ளினாள். பந்து மூலைக் கண்ணாடியைத் தொட்டு, துள்ளாமல் அங்கேயே அடங்கியது.

"கை எப்பிடி?"

நாலு பதில் எழுதி நாலையும் அழித்தேன். பஸ்ஸில் அந்தப் பைக்குள் இருந்தது வட்டமா, கூர்த்தலையா என்றுகூட நான் பார்க்கவில்லை. அவள் இடது கையால் அதைப் பிடித்திருந்தது மட்டும் ஞாபகம். வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது.

வலியா, வெறும் தூக்கமா? நீங்கள் சொல்லுங்கள். எனக்கு அசதியாக இருக்கிறது.