நாலாயிரம் ரூபாய்ப் புடவை

கரியாஹாட் நடைபாதையில் இடிபட்டு, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பறிகொடுத்து, நிகிலேஷ் சமாத்தார் ஒரு தசர் பட்டுப் புடவையோடு வீடு திரும்பினார். வங்காள வருஷத்தின் கடைசி மாதமான சைத்ரத்தில் நடக்கும் தள்ளுபடி விற்பனையின்போது கல்கத்தாவில் எவர் சட்டையும் முழுசாக வீடு வந்து சேராது. சைத்ரத்தில் கல்யாணம் கிடையாது. வைசாகம் பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் அந்த நெரிசலில்தான் கிடப்பார்கள்.

சமாத்தாரின் மகள் மிதுலுக்கும் வைசாகத்தில்தான் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "சீர்த்தட்டுல மாமியாருக்கு வைக்கிற புடவை நாலாயிரத்துக்குக் குறையக் கூடாது." சமாத்தார் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். அந்தத் தொகையைக் கேட்டதிலிருந்து அவருக்கு மீன் குழம்பே இறங்கவில்லை.

"நாப்பது சதவீதம் தள்ளுபடி. ரெண்டாயிரத்து நானூறுதான்!" என்றார் மனைவி சுரமாவிடம்.

"அசல் விலை எவ்வளவு? சீட்டைக் காணோமே?"

"கடைக்காரன் பிச்சுட்டான். கணக்குப் போட்டாத் தெரிஞ்சிடும், அதென்ன பெரிய வித்தையா?" இரண்டாயிரத்து நானூற்றுக்கு நாற்பது சதவீதம் தொள்ளாயிரத்து அறுபது. கூட்டிப் பார்த்தார். மூவாயிரத்து முந்நூற்று அறுபது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ஐயோ, நாலாயிரம் வரலையே!"

சுரமா காதுத் தோட்டைக் கழற்றினாள். "அடகு வச்சிட்டு வேற வாங்கிட்டு வாங்க. என் பொண்ணு அங்கே போய்ப் பேச்சு கேக்கக் கூடாது."

உள்ளே வந்த மிதுலுக்கு அம்மாவின் வெறுங்காதைக் கண்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாபா, கடைக்காரன் கழிச்சது அசல் விலையில. நீங்க குறைஞ்ச விலைக்குச் சதவீதம் போட்டுக் கூட்டுறீங்க. அசல் விலையை நூறு பங்கா வச்சா, அதுல நாப்பது போச்சு. நீங்க குடுத்த ரெண்டாயிரத்து நானூறு அறுபது பங்கு. அப்போ பத்துப் பங்கு எவ்வளவு?"

"நானூறு."

"நூறு பங்கு?"

"நாலாயிரம்! சுரமா, தோட்டைப் போடு!" போன உயிர் திரும்பி வந்தது சமாத்தாருக்கு.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கமலிகா வந்து நின்றாள். கையில் பை. உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"சம்பந்தி, நீங்க வாத்தியாராச்சே, இதைக் கொஞ்சம் பாருங்க. மிதுலுக்குப் புடவை, சைத்ரத் தள்ளுபடியிலதான் எடுத்தேன். முப்பது சதவீதம் போக மூவாயிரத்து ஐந்நூறு. அசல் விலைச் சீட்டைக் காணோம். மருமக புடவை ஐயாயிரத்துக்குக் குறையக் கூடாதுன்னு என் நாத்தனார் உத்தரவு. எப்படிக் கூட்டினாலும் நாலாயிரத்து ஐந்நூத்தம்பதுதான் வருது. நேத்துலேர்ந்து தூக்கமே இல்லை."

சமாத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க குடுத்தது எழுபது பங்கு, சம்பந்தி. பத்துப் பங்கு ஐந்நூறு. நூறு பங்கு சரியா ஐயாயிரம்!"

பின்னால் நின்ற மிதுல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுரமாவுக்கும் அடக்க முடியவில்லை. தோட்டை மாட்டிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். கமலிகாவும் முதலில் சிரித்தாள். அப்புறம் சுரமாவின் காதைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஒரு புடவைக்காகவா இதைக் கழட்டினீங்க? நாத்தனார்கிட்ட நானே பேசிக்கிறேன். இனிமே ரெண்டு வீட்டுலயும் யாரும் புடவைக்கு விலை கேக்கக் கூடாது. கடைக்காரன்கிட்ட ஏமாறாம இருக்க அசல் விலையைக் கணக்குப் போடத் தெரியணும், சரிதான். ஆனா அந்த விலையை வச்சு மனுஷங்களோட மரியாதையைக் கணக்குப் போட்டா, அது எப்பவும் தப்பாத்தான் வரும்."