அம்மா பெயர் குத்திய கைகள்

குமாசி ஆஸ்பத்திரியில் என் தங்கை செர்வா பிள்ளை பெற்ற கட்டிலிலேயே ரத்தம் போய்க்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பை ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். அடுத்த பை வேண்டுமென்றால் வீட்டு ஆள் யாராவது ரத்தம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். நான்தான் முதலில் போனேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உனக்கே பத்தலக்கா, போ" என்று அனுப்பிவிட்டார்கள். போகட்டும், தடிமாடுகள் மாதிரி மூன்று தம்பிகள் இருக்கிறார்களே என்று தைரியமாக இருந்தேன்.

வந்தார்கள். ரத்தம் எடுக்கும் நர்ஸ் சட்டைக் கையை மடக்கச் சொன்னாள். மூன்று கையிலும் டுஃபுவா என்று அம்மாவின் பெயர். போன மாதம் அம்மாவின் சாவுச் சடங்கில் பந்தல் போட்டு, பேண்டு வைத்து, ஊருக்கே ஜொலாஃப் சோறு ஆக்கிப் போட்டது போதாதென்று, தெருவோரத்தில் எவனையோ பிடித்து ஒரே ஊசியில் மூன்று பேரும் பச்சை குத்திக்கொண்டார்கள். என்ன பாசம் என்று ஊரே மெச்சியது.

"பச்சை குத்துனா ஆறு மாசம் ஆகணும். அந்த ஊசியில என்ன இருந்துச்சோ, யாரு கண்டா?" என்றாள் நர்ஸ்.

"அது எங்கம்மா பேருங்க!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் மூத்தவன் ஒடுரோ.

"யாரு பேரா இருந்தா என்ன? எடுக்க முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்தவ பேரு மறந்துபோயிடும்னாடா எழுதி வெச்சீங்க? உள்ள ஒருத்தி செத்துக்கிட்டு இருக்கா. மூணு பேர் இருந்தும் ஒரு சொட்டுக்கு வக்கில்ல!"

"கத்தாதக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் நடுத்தம்பி.

"நல்லாப் பாக்கட்டும்!"

சின்னவன் அழ ஆரம்பித்தான். அவன் கண்ணீரையா ஏற்ற முடியும்? போனை எடுத்து அனானேவைக் கூப்பிட்டேன். செர்வா பிள்ளைக்குத் தகப்பன், ஆள் ஏற்றிப் போகிற ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவன்.

ஒடுரோ துள்ளினான். "அவனா? முறையா நம்ம வீட்டுக் கதவைத் தட்டி, ஜின் பாட்டில் வெச்சுப் பொண்ணு கேட்டானா? அவன் நம்ம குடும்பமே இல்ல!"

இப்படிச் சொல்லித்தான் அம்மாவின் சடங்கிலும் அவனைப் பந்தலைவிட்டு விரட்டினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், வெட்கங்கெட்டவள்.

அனானே பயணிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடிவந்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் படுத்துக் கையை நீட்டினான். செர்வாவுக்கு அடுத்த பை ஏறியது. பொழுது சாய்வதற்குள் ரத்தப்போக்கு நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னார்.

நான் உட்கார்ந்து மூச்சுகூட விடவில்லை, ஒடுரோ தொண்டையைச் செருமினான். "இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அவன் பாட்டிலைக் கொண்டாரணும்."

எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன். "கொண்டாந்துட்டான்டா, பையில கொண்டாந்தான். இனி ஒருதடவ அவன்கிட்ட பாட்டில் கேட்டுப் பாரு, உன் பல்லு உன் வாயில இருக்காது."